கல்லில் நாலு வருஷம்: டெக்சஸ் பயணக் குறிப்புகள்

முதல் நாள், புதன்: ஃபோர்ட் வொர்த்

என் மாமனார் காங்கேயம் பக்கத்துக்காரர், வயது 74. இர்விங்கில் எங்கள் அபார்ட்மென்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. வந்த முதல் வாரமே பால்கனியில் நின்றபடி கேட்டார், "ஏனுங்க மாப்ளே, டெக்சஸ்னா மாடுன்னு சொன்னீங்க, ஒரு சாணி வாசங்கூடக் காணமுங்களே?" அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த ஐந்து நாள் பயணம். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை, பையனுக்குப் பள்ளிக்கூடம், அதனால் நானும் மாமாவும் மட்டும். தினமும் படுக்கும் முன் எழுதிப் போடுகிறேன். போனில் தட்டுவதால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்ட் வொர்த் ஸ்டாக்யார்ட்ஸ் ஒரு காலத்தில் நிஜமான மாட்டுச் சந்தை, இப்போது முக்கால்வாசி சுற்றுலா. தினமும் காலை 11:30க்கும் மாலை 4க்கும் எக்ஸ்சேஞ்ச் அவென்யூவில் லாங்ஹார்ன் மாடுகளை ஓட்டிக் காட்டுகிறார்கள், 1999லிருந்து நடக்கிறது. பதினைந்து இருபது மாடு, முன்னும் பின்னும் குதிரைக்காரர்கள், சில நிமிஷத்தில் முடிந்துவிடும். சுற்றி நின்ற எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள், மாமா மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மாட்டின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திமிலே இல்லீங்களே மாப்ளே. நொகத்தடி எங்கீங்க நிக்கும்?"

கொம்பு நுனிக்கு நுனி ஆறடிக்கு மேல் இருக்கும், அதைப் பற்றி அவருக்குக் கருத்தே இல்லை. எல்லாம் காயடித்தவை என்று அவராகவே கண்டுபிடித்தார். கடைசியில் வந்த குதிரைக்காரரைக் காட்டி, "அந்தாளுக்குத் தொழில் தெரியுமுங்க, சத்தமே போடாம ஓட்டறாரு பாருங்க" என்றார். அப்புறம் இதெல்லாம் வண்டிக்கா பாலுக்கா என்று கேட்டார். இந்த ஊரில் மாடு வளர்த்தது பெரும்பாலும் கறிக்குத்தான் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மதியம் காரில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார். நான் என்ன சாப்பிட்டேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை, என் மனைவியும் இதைப் படிப்பாள்.

அதே தெருவில் ஒரு சிலை, மாட்டின் கொம்பைப் பிடித்துத் திருகும் ஒரு கறுப்பின மனிதர். பில் பிக்கெட், 1870ல் பிறந்து 1932ல் இறந்தவர், ரோடியோவில் குதிரையிலிருந்து பாய்ந்து காளையை வீழ்த்தும் விளையாட்டைப் பிரபலமாக்கியவர். மாட்டின் உதட்டைப் பல்லால் கடித்து மடக்குவாராம், நாய்கள் மாட்டை மடக்குவதைப் பார்த்துப் பழகியது. ஜல்லிக்கட்டு மாதிரியா என்று நான் வாயைத் திறக்கும் முன்பே மாமா, "எங்க பக்கம் அதெல்லாம் இல்லீங், ரேக்ளாதான்" என்று முடித்துவிட்டார்.

இந்தப் பயணத்துக்கு என் பக்கத்திலும் ஒரு காரணம் உண்டு. கௌபாய் என்றால் வெள்ளைக்காரன், தொப்பி, துப்பாக்கி என்றுதான் நம் மனசில் படம் ஓடும். மாடு ஓட்டியவர்களில் நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று பல வரலாற்றாசிரியர்கள் கணக்கு சொல்கிறார்கள். அதில் ஒருவரைத்தான் தேடிப் போகிறோம். பெயர் போஸ் ஐகார்ட். நல்ல கௌபாய், நம்பிக்கையான ஆள், குடும்பஸ்தர், இங்கே பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டவர்.

"போஸா? நம்ம நேதாஜி போஸுங்களா?"

இல்லை மாமா, இவர் வேறு போஸ். நாளைக்குப் பார்க்கலாம்.

இரண்டாம் நாள், வெள்ளிக்கு முந்தின நாள்: வெதர்ஃபோர்ட்

(அதாவது வியாழன். மாமாவிடம் நாள் கேட்டால் இப்படித்தான் பதில் வரும், அப்படியே எழுதிவிட்டேன்.)

ஃபோர்ட் வொர்த்திலிருந்து மேற்கே முப்பது மைல். ஊர் நடுவில் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய கோர்ட் கட்டடம், 1880களில் கட்டியது, அதைச் சுற்றிக்கொண்டுதான் போக்குவரத்தே நடக்கிறது. பீச் பழத்துக்குப் பேர்போன ஊர். நாங்கள் போனது அக்டோபர், பழமும் இல்லை, ஒரு கூட்டமும் இல்லை.

கிரீன்வுட் கல்லறைத் தோட்டம். நம் ஊர் இடுகாடு மாதிரி முள்ளும் புதருமாக இல்லை, புல்வெளி, பெரிய மரங்கள். மாமா செருப்பைக் கழற்றட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன், ஆனாலும் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஆலிவர் லவிங் என்ற மாட்டு வியாபாரியின் கல்லறையும் இங்கேதான். 1867ல் நியூ மெக்சிகோவுக்கு மந்தையோடு போன இடத்தில் கமாஞ்சி என்ற பழங்குடியினர் தாக்கிக் காயம் பட்டார், சீழ் வைத்து செப்டம்பரில் ஃபோர்ட் சம்னரில் இறந்தார். அந்நிய மண்ணில் என்னைப் புதைத்துவிடாதே என்று கூட்டாளி சார்லஸ் குட்நைட்டிடம் சொல்லியிருக்கிறார். குட்நைட் அங்கே புதைத்த உடலைத் தோண்டி எடுத்து, பழைய எண்ணெய் டின்களைத் தட்டி ஒட்டவைத்து ஒரு பெட்டி செய்து, கரியைக் கொட்டி அடைத்து, 600 மைல் வண்டியில் கொண்டுவந்து அடுத்த மார்ச்சில் இங்கே அடக்கம் செய்தார். மாமாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "சொன்ன சொல்லு காப்பாத்திட்டானுங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

அதே தோட்டத்தில்தான் போஸ் ஐகார்டின் கல்லும். கிரானைட். வைத்தவர் அதே குட்நைட். அதில் எழுதியிருப்பதை நான் தமிழில் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன்: குட்நைட்-லவிங் தடத்தில் என்னோடு நாலு வருஷம் வேலை பார்த்தார், எந்த வேலையையும் தட்டிக் கழித்ததில்லை, எந்த உத்தரவையும் மீறியதில்லை, மந்தை மிரண்டோடிய பல சமயங்களில் என்னோடு குதிரையேறி வந்தார், கமாஞ்சிகளோடு நடந்த மூன்று மோதல்களில் கலந்துகொண்டார், நடத்தை அருமை. கீழே குட்நைட் பெயர்.

நடத்தை அருமை! பத்தாம் வகுப்பு முடித்து டிசி வாங்கும்போது மாணவரின் ஒழுக்கமும் பண்பும் என்று போட்டு எதிரே 'நன்று' என்று ஹெட்மாஸ்டர் எழுதுவாரே, அதுதான் ஞாபகம் வந்தது. கேலிக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில், அதுவும் டெக்சஸில், ஒரு வெள்ளைக்காரப் பெரிய பண்ணையார் தன் கறுப்பின ஆளுக்குக் காசு போட்டுக் கல் வைத்து இத்தனை வரி எழுதியது சாதாரண விஷயமே இல்லை. இன்னொரு கணக்கும் ஓடியது. ஐகார்ட் இறந்தது 1929 ஜனவரி 4, எண்பதைத் தாண்டிய வயது. கல்லில் இருப்பது நாலு வருஷம். மிச்சம் எங்கே?

மாமா கல்லைச் சுற்றி வந்தார். "எல்லாஞ் செரிங்க. இது மொதலாளி சொல்றதுதானுங்களே? பொண்டாட்டி புள்ளைக யாரும் ஒண்ணும் எழுதலீங்களா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1840களில் மிசிசிப்பியில் அடிமையாகப் பிறந்தார். மில்டன் ஐகார்ட் என்ற டாக்டரின் குடும்பம் டெக்சஸுக்குக் குடிபெயர்ந்தபோது இவரும் கூட வந்தார், வந்தார் என்ன, கொண்டுவரப்பட்டார். பெயரின் பின்பாதி அந்த வீட்டுப் பெயர்தான். உழவு, மாடு, குதிரை எல்லாம் இங்கே கற்றுக்கொண்டது. உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை கிடைத்ததும் 1866ல் மந்தையோடு கிளம்பியவர், 1869 வாக்கில் இந்த வெதர்ஃபோர்ட் பக்கமே நிலம் வாங்கி விவசாயம் பண்ண உட்கார்ந்துவிட்டார். மனைவி ஏஞ்சலினா, ஆறு பிள்ளைகள். கொலராடோவில் போய்ப் பண்ணை வைக்கலாம் என்ற யோசனை அவருக்கு இருந்திருக்கிறது. அங்கே உன் ஆட்கள் ரொம்பக் குறைவு, வேண்டாம் என்று சொன்னதும் குட்நைட்தான்.

ஆக நாலு வருஷம் மந்தை, அறுபது வருஷம் வீடு, நிலம், பிள்ளைகள். அந்த அறுபதைப் பற்றிக் கல் வாயே திறக்கவில்லை.

ஊருக்குள் அவர் பெயரில் ஒரு ஆரம்பப் பள்ளி இருக்கிறது, போஸ் ஐகார்ட் எலிமென்டரி. வாசலில் காரை நிறுத்தி வெளியிலிருந்தே பார்த்துவிட்டு வந்தோம். மஞ்சள் பஸ்கள் வரிசையாக நின்றன. கல்லறையைவிட இது மாமாவுக்குத் திருப்தி.

இரவு கிரஹாம் என்ற சின்ன ஊரில் தங்கினோம். மோட்டல் பெயர் வேண்டாம், வெந்நீர் வரவில்லை என்பதோடு நிறுத்துகிறேன்.

மூன்றாம் நாள், வெள்ளி: ஃபோர்ட் பெல்க்நாப், பிறகு ரோடு ரோடு ரோடு

நியூகாசல் என்ற ஊருக்குக் கொஞ்சம் தெற்கே ஃபோர்ட் பெல்க்நாப். 1851ல் அமைத்த ராணுவக் கோட்டை. கோட்டை என்றதும் செஞ்சிக்கோட்டையை நினைக்க வேண்டாம், சில கல் கட்டடங்கள், அதிலும் பல 1936ல் புதுப்பித்துக் கட்டியவை. ஒரு பெரிய திராட்சைப் பந்தல். எங்களைத் தவிர ஆள் யாரும் இல்லை. பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம்.

இந்தப் பக்கத்திலிருந்துதான் 1866 ஜூனில் குட்நைட்டும் லவிங்கும் 2,000 மாடுகளோடும் 18 ஆட்களோடும் கிளம்பினார்கள். ஏன் கிளம்பினார்கள் என்று மாமாவுக்கு விளக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. போர் நடந்த நாலு வருஷமும் ஆண்பிள்ளைகள் எல்லாம் சண்டைக்குப் போய்விட, டெக்சஸ் மாடுகள் கேட்பாரின்றிப் பெருகிவிட்டன, இங்கே விற்றால் 4 டாலர், வடக்கே கொண்டுபோனால் 40 வரைக்கும். "சந்தைக்குச் சந்தை வெல வித்தியாசந்தானுங்களே" என்றார். ஆனால் எல்லோரும் வடக்கே கான்சாஸ் பக்கம் போக, இவர்கள் தென்மேற்கே சுற்றிக்கொண்டு பெக்கோஸ் ஆற்றைப் பிடித்து நியூ மெக்சிகோ போனார்கள். அங்கே ஃபோர்ட் சம்னரில் அமெரிக்க ராணுவம் எட்டாயிரத்துக்கு மேல் நவஹோ மக்களைச் சொந்த மண்ணிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அடைத்துவைத்திருந்தது, அவர்களுக்குச் சோறு போட வழியில்லை, கறி தேவைப்பட்டது. இந்த வியாபாரத்தின் மறுமுனையில் ஒரு பட்டினி முகாம் இருந்தது என்பதை இந்த ஊர்ப் பெருமைக் கதைகளில் லேசாகத்தான் தொடுகிறார்கள்.

வழியில் காஞ்சோ ஆற்றுத் தலைப்பிலிருந்து பெக்கோஸ் ஆறு வரை எண்பது மைலுக்கு மேல் சொட்டுத் தண்ணீர் கிடையாது. மூணு நாள் இரவு பகலாக ஓட்டியிருக்கிறார்கள், படுக்கவிட்டால் மாடு எழாது. சுமார் 300 மாடு வழியிலேயே விழுந்தது. தண்ணீர் வாசம் மூக்கில் பட்டதும் மிச்சம் பித்துப்பிடித்து ஓடி, ஆற்றில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இன்னும் நூறு போயிற்று.

மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். 'மாடு படுத்துட்டா எழாது' என்பதற்கு அவருக்கு என் உதவி தேவைப்படவில்லை.

இப்படிப்பட்ட ஓட்டத்தில்தான் ஐகார்ட் இருந்தார். வேலை என்ன என்றால் எல்லாமும்தான். பகலில் மந்தையின் ஓரம் பிடித்து ஓட்டணும், ராத்திரி முறைபோட்டுச் சுற்றி வரணும். ராத்திரிக் காவலில் கௌபாய்கள் மெதுவாகப் பாடிக்கொண்டே சுற்றுவார்களாம், ஆள் அரவம் திடீரென்று கேட்டு மாடு மிரளாமல் இருக்க. ஒரு இடி, ஒரு நரி ஊளை, ஏன் ஒருத்தர் போர்வையை உதறினால்கூடப் போதும், ரெண்டாயிரம் மாடும் இருட்டில் ஒரே திசையில் ஓடும். அப்போது பக்கவாட்டில் குதிரையை விரட்டிப் போய் முன்மாடுகளை வளைத்து மந்தையை வட்டமாகச் சுழலவிட வேண்டும், குதிரை ஒரு வளையில் காலைவிட்டால் கதை முடிந்தது. நாள் கணக்கில் சேணத்திலேயே கிடந்து இனி முடியாது என்று தனக்குத் தோன்றும்போதெல்லாம் போஸைத்தான் கேட்பேன், என் முறையை நீ பார்க்கிறாயா என்று, ஒருநாளும் முகம் சுளித்ததில்லை என்று குட்நைட் வயதான காலத்தில் சொல்லியிருக்கிறார். எனக்கு இருந்த ஆட்களிலேயே என்மேல் மிகவும் விசுவாசமானவன் என்றும் சொல்லியிருக்கிறார். விசுவாசம். அந்த வார்த்தையை யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று எப்போதும் கவனிக்கணும். ஐகார்ட் தன் பங்குக்கு குட்நைட்டைப் பற்றி என்ன சொன்னார் என்பது எனக்கு எங்கேயும் படிக்கக் கிடைக்கவில்லை.

முதல் பயணத்தில் கிடைத்தது 12,000 டாலர், தங்கமாக. அது 1866. இந்த மாதிரிப் பயணங்களில் பணத்தை போஸிடம் கொடுத்துவைப்பதுதான் குட்நைட்டின் வழக்கம். எந்தத் திருடனும் அவனிடம் போய்த் தேட மாட்டான் என்று காரணமும் சொல்லியிருக்கிறார். கறுப்பு மனிதனிடம் பணம் இருக்கும் என்று எவனுக்கும் தோன்றாது, அதுதான் பூட்டு. கொலராடோவிலும் நியூ மெக்சிகோவிலும் அவன்தான் என் பேங்க், உயிரோடு இருக்கும் எவனையும்விட அவனை நம்பினேன் என்கிறார்.

நான் இதை ஒரு சுவாரஸ்யமான சங்கதியாகத்தான் சொன்னேன். மாமா சிரித்துக்கொண்டே, "நாங்களும் அதேதானுங்க பண்ணுவோம்" என்றார்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தை. மாரியம்மன் கோயில் தேரை ஒட்டி நடக்கும். மாமாவின் அப்பா காலத்தில் காளை ஜோடி விற்றுவிட்டு ராத்திரியில் நடந்தே ஊர் திரும்புவார்களாம். வழியில் கள்ளர் பயம். பணத்தைப் பண்ணையத்து ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். "அவன் கோமணத்துல ஆயிரம் ரூவா இருக்கும்னு எவன் நெனைப்பானுங்க?" அந்த ஆள் மாமாவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆட்டுக்குட்டியைக்கூட வாங்க போங்க என்பது போலப் பேசுகிற மாமா அவரை 'அவன்' என்றுதான் சொன்னார். நாற்பது வருஷம் பண்ணையத்தில் இருந்தாராம். கன்று குறுக்கே நின்றுவிட்டால் கையை விட்டுத் திருப்பி எடுப்பதில் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே அவரை அடிக்க ஆளில்லை. "எங்க குடும்பத்துல ஒருத்தன் மாதிரிங்க."

வீட்டுக்குள்ளே வருவாரா மாமா?

"அதெப்படீங்க வருவான்" என்றார், கேள்வியே புரியாதவர் மாதிரி. அப்புறம் புளியோதரை டப்பாவை மூடினார்.

அதற்கப்புறம் விச்சிட்டா ஃபால்ஸ் போய் 287ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். வெர்னான், குவானா, சில்ட்ரஸ். குவானா என்ற ஊர்ப் பெயர் கமாஞ்சித் தலைவர் குவானா பார்க்கருடையது. அதே குவானா பார்க்கரின் ஆட்களோடு 1869ல் நடந்த ஒரு ஓட்டச் சண்டையில் ஐகார்ட் எதிர்ப்பக்கம் இருந்திருக்கிறார், பழைய எஜமான் மில்டன் ஐகார்டோடு சேர்ந்து. அடிமையாக இருந்தவர், அடிமையாக வைத்திருந்தவர், மண்ணைப் பறிகொடுத்தவர், மூன்று பேரும் ஒரே புல்வெளியில். இதை காரில் உரக்கச் சொன்னேன், மாமா தூங்கிப்போயிருந்தார்.

சில்ட்ரஸில் தங்கல். இங்கே வெந்நீர் வந்தது.

நான்காம் நாள், சனி: குட்நைட்

ஆமாம், ஊரின் பெயரே குட்நைட். ஊர் என்று சொல்வதே அதிகம். 287 ஓரத்தில் அவர் 1887ல் கட்டிய இரண்டு மாடி வீட்டைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் தட்டையான பூமி, மேயும் புல், காற்று, மறுபடியும் காற்று. மாமாவின் வேட்டி பட்டபாட்டைப் பார்த்து வாசலில் இருந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

1876ல் இவர் பாலோ டூரோ பள்ளத்தாக்குக்குள் மாடுகளை இறக்கி, அடுத்த வருஷம் ஜான் அடேர் என்ற பணக்காரரோடு கூட்டுச் சேர்ந்து ஜேஏ ராஞ்சைத் தொடங்கினார். உச்சத்தில் 13 லட்சம் ஏக்கருக்கு மேல், ஒரு லட்சம் மாடு. ஏக்கர் கணக்கை மாமா நம்பவே இல்லை, சைபரைக் கூட்டிப் போட்டிருப்பாங்க என்றார்.

எனக்கு அந்த வீட்டில் பிடித்தது அவர் மனைவி மாலியின் கதை. முதல் வருஷங்களில் கூப்பிடு தூரத்தில் என்ன, எழுபது எண்பது மைலுக்குப் பேச ஒரு பெண் கிடையாது. யாரோ ஒரு கௌபாய் மூன்று கோழி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், அறுத்துச் சாப்பிட. மாலி அறுக்கவில்லை, அதுகளோடு பேசிக்கொண்டு காலம் தள்ளினார். காட்டெருமைகளைத் தோலுக்காகச் சுட்டுத் தீர்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தாயில்லாத கன்றுகளைப் பிடித்து வளர்க்கச் சொன்னதும் அவர்தான். அந்த வம்சம் இன்று கேப்ராக் கேன்யன்ஸ் பூங்காவில் டெக்சஸ் அரசின் மந்தையாக மேய்கிறது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

"அத்தன ஏக்கரா வெச்சுட்டு..." என்று மாமா இழுத்தார். "அந்த போஸுக்கு ஆறுன்னு சொன்னீங்கல்ல?"

ஆமாம் மாமா, ஆறு.

பக்கத்திலேயே மேட்டில் கல்லறை. வருகிறவர்கள் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கம்பி வேலியில் கட்டிவிட்டுப் போகிறார்கள், சிவப்பும் நீலமுமாக வேலி முழுக்கக் காற்றில் அடித்துக்கொண்டிருக்கிறது, நம் ஊரில் வேண்டுதலுக்குத் துணி முடிந்த மரம் மாதிரி. ஐகார்ட் இறந்த அதே 1929ல், டிசம்பர் 12ல், குட்நைட்டும் போனார், 93 வயது. நடுவில் அறுபது வருஷம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் விட்டுவிடவில்லை. கிழவர் வெதர்ஃபோர்ட் பக்கம் போகும்போதெல்லாம் போஸைப் பார்த்துக் கையில் கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டு வருவாராம். நட்பா, தர்மமா, பழைய சம்பள பாக்கியா, மூன்றும் கலந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்த வீட்டு வாசலில் ஏஞ்சலினா நின்றிருப்பார். ஆறு பிள்ளைகளில் யாராவது எட்டிப் பார்த்திருக்கும், அப்பாவின் பழைய முதலாளி வந்திருக்கிறார் என்று. அந்தக் காட்சியை அந்தப் பிள்ளைகள் பக்கமிருந்து யாராவது எழுதிவைத்திருந்தால் நான் இத்தனை மைல் காரோட்டி இந்த வேலிக்கு வந்திருக்க மாட்டேன், அதைப் படித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்திருப்பேன்.

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

காருக்கு நடக்கும்போது கேட்டேன், உங்கள் பண்ணையத்தில் இருந்தவருக்கு எத்தனை பிள்ளைகள் மாமா?

"மூணோ நாலோ." கொஞ்ச தூரம் நடந்தார். "ஒரு பொண்ணு நல்லாப் படிச்சுதுங்க. பேரு... இருங்க, வருது" என்றார். கார் கதவைத் திறக்கும்வரை வரவில்லை.

இரவு கேன்யன் ஊரில் மோட்டல். ஒன்பது மணிக்கு மாமா என் போனை வாங்கி அத்தைக்கு அடித்தார், அங்கே ஞாயிறு காலை ஏழரை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டார், அவருக்கு அப்படித்தான் பழக்கம். சாப்பாடு, மாத்திரை, மழை எல்லாம் முடிந்து கடைசியில் கேட்டார். அத்தை யோசிக்கவே இல்லை, நாலு பிள்ளைகளின் பேரையும் மூத்ததிலிருந்து வரிசையாகச் சொன்னார். எந்தப் பிள்ளை திருப்பூரில் இருக்கிறது, எது கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவர்களுடைய அப்பா கடைசியாக என்ன சீக்கில் கிடந்தார், காரியத்துக்கு நம் வீட்டிலிருந்து யார் போகவில்லை, எல்லாம். "இப்ப எதுக்குங்க அமெரிக்காவுல உக்காந்துட்டு இத கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றார் மாமா.

ஐந்தாம் நாள், ஞாயிறு: பாலோ டூரோ, பிறகு வீடு

சுருக்கமாக எழுதுகிறேன், தூக்கம் கண்ணைக் கட்டுகிறது.

பாலோ டூரோ, அமெரிக்காவின் இரண்டாவது பெரிய பள்ளத்தாக்கு என்கிறார்கள். மேலே நிற்கும்வரை இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, தட்டைப் பூமி சட்டென்று வாயைப் பிளக்கிறது, சிவப்பும் மஞ்சளுமாக அடுக்கடுக்கான மண், எண்ணூறு அடி ஆழம். குட்நைட் மாடுகளை இறக்குவதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1874 செப்டம்பர் 28ல், கர்னல் மெக்கென்சியின் படை இங்கே முகாமிட்டிருந்த கமாஞ்சி, கயோவா, ஷயான் மக்களை விரட்டியது. செத்தவர்கள் சிலர்தான், ஆனால் பிடித்த குதிரைகளில் ஆயிரத்துக்கும் மேல் சுட்டுக் கொன்றார்கள், அவர்கள் மறுபடி எழவே கூடாது என்று. அதைக் கேட்டபின் மாமா பள்ளத்தாக்கில் இறங்க வரவில்லை. மேலேயே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், நான் மட்டும் ஒரு சுற்றுப் போய்வந்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் பூங்கா நுழைவு ரசீதின் பின்பக்கம் ஒரு போன் நம்பரை என் பேனாவால் பெரிய பெரிய எழுத்தாக எழுதிவைத்திருந்தார். காலையில் நான் குளிக்கும்போது அத்தையிடம் மறுபடி பேசி வாங்கியிருக்கிறார். அந்த நர்ஸ் பெண்ணின் நம்பர்.

சில்ட்ரஸில் பெட்ரோல் போட நிறுத்தியபோது சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். மணி மூன்று.

"இப்ப அங்க மணி என்னங்க மாப்ளே?"

ராத்திரி ஒன்றரை மாமா.

"செரி, தூங்கட்டும்" என்று மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.